அண்ணன் தேடிய நாய்

வயதான நாயிடம் ஒரு சௌகரியம், செருப்பைக் கடிக்காது. குட்டியாக இருந்தால் வீட்டையே தலைகீழாக்கிவிடும். இந்த வெள்ளை டெரியர் நாய்க்கு அந்தத் தெம்பெல்லாம் போய்விட்டது. உங்கள் காப்பகத்தில் கூண்டைத் திறந்ததும் நேராக வந்து என் காலை மோந்தது. "பாருங்க, உங்களை அதுக்குப் பிடிச்சுப்போச்சு. வயசான நாயை யாரும் கேக்கறதே இல்ல. பெரிய மனசு உங்களுக்கு" என்றீர்கள்.

பிடித்துப்போகவில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டது. அது என் அண்ணனின் நாய்.

அதன் சொந்தக்காரர் இறந்துவிட்டார், வந்து கொண்டுபோங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி மாதிரி உங்களுக்குப் போன் செய்ததும் நான்தான். அப்போது அண்ணன் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தான். அவன் போன வாரம்தான் செத்தான் என்று தெரிந்துதானே வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள், சொல்கிறேன்.

அம்மா கடைசியில் படுக்கையாகக் கிடந்தது அவன் வீட்டில். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் கதவைப் பாதி திறந்துகொண்டு நிற்பான். "அம்மா தூங்குறாங்க. அப்புறம் வா." அவன் காலுக்கு நடுவே தலையை நீட்டி இந்த நாய் என்னைப் பார்க்கும். அது உள்ளே போகலாம், அம்மாவின் கட்டிலில் ஏறிப் படுக்கலாம். நான் பழப்பையை வாசலில் வைத்துவிட்டு பஸ் ஏறுவேன்.

அம்மா போனபின், பார்த்துக்கொண்ட நர்ஸ் என்னைத் தனியே அழைத்தாள். "நீங்கதான் அந்தப் பொண்ணா? வாசல்ல சத்தம் கேட்டா போதும், உங்களைத்தான் கேப்பாங்க. கூப்பிட்டேன், வர மாட்டேங்கிறாள்னு சொல்வாரு உங்க அண்ணன்."

ஏன் அப்படிச் செய்தாய் என்று அவனிடம் கேட்டேன். "நீ வந்துட்டுப் போனா அழுவாங்க. அப்புறம் யாரு சமாதானப்படுத்தறது? நான்தானே" என்றான். நான் சண்டை போடவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மனைவி போனதிலிருந்து அவனுக்கு எல்லாமே அந்த நாய்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை நடைப்பயிற்சி கொடுக்கும் இல்லத்தில் சேர்த்தபோது, குழறும் வாயில் அதைப் பற்றி மட்டும்தான் பேசினான். கம்பியைப் பிடித்து நடக்கப் பழகினான். வீட்டுக்குப் போனால் அதைப் பார்க்கலாம் என்று. மனம் வைத்தால் நடந்துவிடுவார் என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"நாயை ஒரு குடும்பம் எடுத்துட்டுப் போயிடுச்சு அண்ணா. நல்லா இருக்காம். உன் பேரைச் சொல்லிப் பாத்தாங்களாம், திரும்பிக்கூடப் பாக்கலையாம்."

அதற்குப் பிறகு அவன் கம்பியைத் தொடவில்லை. சாப்பாடும் குறைந்தது. நான் குழைத்து ஊட்டிவிடுவேன், நகம் வெட்டிவிடுவேன். இப்படி ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைக்கும் என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள்.

நாயைக் காலையில் அந்த இல்லத்துத் தெருவில்தான் நடத்திக்கொண்டு போவேன். கேட் வந்ததும் நின்றுவிடும். மூக்கைக் கம்பிக்குள் நுழைத்துக் குரைக்கும். கொஞ்ச நேரம் குரைக்கவிட்டு இழுத்துக்கொண்டு போவேன். "உங்க அண்ணன் தன் நாய் வெளியே குரைக்குதுன்னு அடம் பிடிக்கிறாரு" என்று அங்கே வேலை பார்க்கும் பையன் ஒருநாள் சொன்னான். "மூளையில அடிபட்டவர்ல, பாவம். அப்படித்தான் பேசுவாரு" என்றேன். பிறகு அண்ணன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாகப் போனபோது என் ஸ்வெட்டர் கையில் வெள்ளை முடி ஒன்று ஒட்டியிருந்தது. நன்றாக இருந்த கையால் அண்ணன் அதை எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாய் கோணியது. முடியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை எடுத்துக் குப்பையில் போட்டேன். நோயாளி கையில் அழுக்கு இருக்கக் கூடாது. தலை வாரிவிட்டு, போர்த்திவிட்டு வந்தேன். மறுநாள் போன் வந்தது.

நாய்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அழைத்துக்கொண்டு போவதென்றால் போங்கள். கயிறு அந்த ஆணியில் தொங்குகிறது. அண்ணனைக் கொன்றீர்களா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அம்மாவின் பேச்சை நான் தட்டவில்லை. அன்றைக்கு அந்த நர்ஸ் இன்னொன்றும் சொன்னாள். அம்மா கடைசியாகக் கண்ணை மூடுமுன், "என் பொண்ணு வந்தா சொல்லும்மா, அண்ணனைத் தனியா விட்டுடக் கூடாதுன்னு" என்றாளாம்.

நான் விடவில்லை. ஒரு வாரம்கூடத் தவறாமல் போய்ப் பார்த்தேன்.