சாவைச் சொல்ல அவளைத் தனியாக அனுப்பாதீர்கள்

தலைமையேற்றிருக்கும் பெரிய மருத்துவர் எர்கின் ஐயா அவர்களே, முன்வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு வீற்றிருக்கும் பெரியவர்களே, பிள்ளையை ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக் கிடக்கும் தாய்மார்களே, பின்னால் சுவரோரம் வேலை உடுப்போடு நிற்கும் என் செல்லங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் அதிகம் படிக்காதவள். நம் நாரின் ஊர்ச் சந்தையில் ரொட்டி விற்கிறவள். மேடை என்றால் பயம். இதைவிடப் பெரிய பயம் என் வீட்டில் இருக்கிறது. அதனால் ஏறி நிற்கிறேன்.

நம் ஊரில் சாவுச் செய்தியை எப்படிச் சொல்வோம்? ஒற்றை ஆள் போய்ச் சொல்வோமா? மாட்டோம்! பெரியவர்கள் கூடுவார்கள், கூட்டமாகப் போவார்கள், உட்காரவைப்பார்கள், பேச்சை எங்கோ தொடங்கி மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வருவார்கள். விழுந்தால் தாங்க ஒரு கை, மார்பில் அடித்துக்கொண்டால் பிடிக்க ஒரு கை. மலையில் ஆடு மேய்ப்பவனுக்கும் இந்த மரியாதை உண்டு. ஆஸ்பத்திரியில்? அங்கே ஒரே ஒரு பெண்ணை அனுப்புகிறோம்!

என் மூத்தவள் ஜிபெக் அங்கே நர்ஸ். டாக்டர் அறையை விட்டு வரமாட்டார். "நீ போய்ச் சொல்லிட்டு வாம்மா, உனக்குத்தான் பக்குவமாப் பேச வரும்" என்பார். ஒருநாள் அப்படிப் பக்குவமாகத்தான் சொன்னாள். செத்தவரின் அண்ணன் அவள் கழுத்துப்பட்டியைப் பிடித்துச் சுவரில் மோதினான். "நீதான்டி கொன்னே!" என்று கத்தினான். அப்புறம் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அவள் உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள்.

"வேலைய விட்ருடி" என்றேன்.

"நான் விட்டா சல்தனத்தை அனுப்புவாங்கம்மா" என்றாள். சல்தனத் என் இளையவள். அவளும் அதே வார்டு.

யாரது, "போகப்போகப் பழகிரும்" என்றது? பழகவில்லை தம்பி. இந்த வசந்தத்தில், ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் அறையிலேயே, என் ஜிபெக்கின் நெஞ்சு நின்றுபோனது.

அதை எனக்குச் சொல்ல யார் வந்தார்கள்? பெரியவர்களா? டாக்டரா? பெர்மெத் என்ற சின்ன நர்ஸ் வந்தாள், தனியாக. என் கடை முன்னால் நின்றாள். முதலில் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். "அடிச்சிராதீங்கம்மா" என்றாள்.

தாய்மார்களே, என் மகள் செத்ததை நான் அந்தக் கைகளில்தான் தெரிந்துகொண்டேன்!

இன்று மாலை சல்தனத்துக்கு வேலை. அங்கே ஒரு நோயாளி மூச்சுக்குத் தவிக்கிறார். பிழைப்பாரா? தெரியாது. வெளியே அவர் வீட்டு ஆண்கள் நிற்கிறார்கள். அவர்களிடம் யார் போவது? இவளா? மறுபடியும் தனியாகவா? எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளின் பயம் இது. ஜிபெக் படத்துக்கு மாலை வேண்டாம். டாக்டர் முன்னால் நடக்கட்டும். நர்ஸுக்குத் துணையாக இரண்டு பேர் நிற்கட்டும்.

"ஆளுக்கு எங்கம்மா போவேன்?" என்கிறீர்களா எர்கின் ஐயா? முன்வரிசையைப் பாருங்கள். பெரியவர்களே, வீட்டு வாசலில் செய்வதை ஆஸ்பத்திரி வாசலில் செய்யமாட்டீர்களா? யார் வருவீர்கள்? என்ன மாமா, "முட்டி வலிக்குது" என்கிறீர்கள், அதற்குள் எழுந்துவிட்டீர்களே! நீங்களுமா எர்கின் ஐயா?

உட்காராதீர்கள். அப்படியே நடங்கள். சல்தனத் கோட்டு மாட்டிக்கொண்டு இந்த மண்டப வாசலில் நிற்கிறாள். கேட்டவர்களுக்கு நன்றி, எழுந்தவர்களுக்கு என் உயிர் உள்ளவரை வணக்கம்.