பரிசு பெற்றவர் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது

பிரதி எடுக்கும் இயந்திரத்திலிருந்து தாள் இளஞ்சூட்டோடு வரும். அந்தச் சூடு ஆறுவதற்குள் முதல் பக்கத்தைப் படித்துவிடுவது என் வழக்கம். அலுவலகத்தில் கேலி செய்வார்கள். ஐரோப்பிய ஓவியத்தைப் பற்றிக் குமாஸ்தாவுக்கு என்ன தெரியும் என்பார்கள். பத்தொன்பது வருடம் படித்தால் யாருக்கும் கொஞ்சம் தெரிந்துவிடும், சார்.

எங்கள் அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு கட்டுரைப் பரிசு தருகிறது. ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டாதவர்கள் மட்டும் அனுப்பலாம். ஒருமுறை பரிசு பெற்றவர் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. வரும் கட்டுரைகளில் பெயர்த் தாளை எடுத்துவிட்டு, எண் போட்டு, மூன்று பிரதி எடுத்து நடுவர்களுக்கு அனுப்புவது என் வேலை. பரிசு வாங்கியவருக்கு எங்காவது ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை கிடைத்துவிடும். மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நீங்கள் இப்போது விசாரிக்கும் அந்தப் பெண்ணின் முதல் கட்டுரை, பழைய தேவாலயங்களில் இருந்த கதவு வைத்த ஓவியங்களைப் பற்றியது. உள்ளே பொன்னும் சிவப்பும். விசேஷ நாளில்தான் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் கதவின் வெளிப்பக்கத்துச் சாம்பல் நிறப் படம்தான். ஜனங்கள் வாழ்நாளில் பெரும்பகுதி பார்த்தது அந்தச் சாம்பலைத்தானே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று கேட்டிருந்தார். படித்து முடித்தபோது சாப்பாட்டு நேரம் போயிருந்தது.

நடுவர்களிடம் போனால் இது ஜெயித்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. ஜெயித்தால் அடுத்த வருடம் அவரிடமிருந்து எதுவும் வராது. அதனால் அனுப்பவில்லை. அவ்வளவுதான்.

வெறுமனே விடவும் மனம் வரவில்லை. நடுவர் குழுவின் கடிதத்தாளில், மயிரிழையில் தவறிவிட்டது, அடுத்த ஆண்டு அவசியம் அனுப்புங்கள் என்று எழுதினேன். மூன்றாம் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது என்றும் குறிப்பிட்டேன். மூத்த நடுவரான பேராசிரியரின் கையெழுத்தையும் நானே போட்டேன். அடுத்த வருடக் கட்டுரையில் இழுவையே இல்லை. என் சொல்லைக் கேட்டு எழுதிய ஒரே ஆள் அவர். என் வீட்டில்கூட அப்படி யாரும் கிடையாது.

மூன்றாம் வருடம் ஒரு சறுக்கல். எனக்கென்று எடுத்த பிரதியை இயந்திரத்திலேயே மறந்துவிட்டேன். பேராசிரியர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“இது நம்ம கட்டுல இல்லையே. யாருன்னு சொல்ல வேண்டாம். ஆனா இந்த வருஷம் இதுக்குத்தான் கொடுக்கணும்.”

“அவங்க வாபஸ் வாங்கிட்டாங்க சார்.”

“அநியாயமா இருக்கே,” என்றார். தாளை என்னிடமே தந்துவிட்டுப் போனார்.

நான்காம் வருடம் அந்தப் பெண்ணே போன் செய்தார். தற்காலிக வேலையும் போய்விட்டதாம், தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாராம்.

“ஒரு ஸ்கூல்ல கூப்பிடுறாங்க சார். அங்க போனா எழுத நேரமே இருக்காது. எனக்கு நிஜமாவே வாய்ப்பு இருக்கா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க, போயிடுறேன்.”

“போயிடாதீங்கம்மா. நடுவருங்க உங்க கட்டுரையைப் பத்தித்தான் பேசிக்கிறாங்க.”

அது முழுப் பொய்யில்லை. ஒருவர் பேசினாரே. அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

ஐந்தாவது கட்டுரை நாற்பத்தொரு பக்கம். அதற்கும் கடிதம் எழுதினேன். விதிப்படி இனி அனுப்ப இயலாது என்பதை வருத்தத்தோடு சேர்த்தேன். விதியை நான் போடவில்லை, சார். கடிதம் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

தம்பி ஐந்து கடிதங்களையும் எடுத்துக்கொண்டு பேராசிரியரைப் பார்க்க வந்தார். இது எதுவும் என் கையெழுத்தே இல்லையே என்று பேராசிரியர் சொன்னபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். என்னை யாரும் கேட்கக்கூட இல்லை. நான்தான் போட்டேன் என்று நானே சொன்னேன். கட்டுரைகள் ஐந்தும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு முனைகூட மடங்கியிருக்காது.

தம்பி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “ஒவ்வொரு கடிதம் வந்தப்பவும் அக்கா எனக்குப் படிச்சுக் காட்டுவா,” என்று மட்டும் சொன்னார். பிறகு பேராசிரியரிடம் இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி ஒன்பது நாளும் அக்கா புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தாராம். பாதியில் நிற்கிறதாம்.

எந்தப் பரிசுக்கும் அனுப்ப முடியாது என்று தெரிந்த பிறகும் எழுதியிருக்கிறார் என்றால், அது யார் படிப்பதற்காக என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், சார். அதை என்னிடம் தரச் சொல்லுங்கள்.