இரைச்சல் நின்றது

கேள்வியைக் கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள், சார். இந்த ஊரில் யாருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரிவதில்லை. பாதியை மென்று விழுங்கிவிடுகிறார்கள். என் அக்காவும் அப்படித்தான்.

நானும் அக்காவும் சேர்ந்து ஆரம்பித்த அரங்கம் அது. கடற்கரையில் பாழாய்க் கிடந்த ஐஸ் கிடங்கு. நூற்றிருபது நாற்காலி, ஒரு மேடை, அதன் இடப்பக்கம் என் சவுண்ட் மிக்ஸர். இருபத்திரண்டு வருஷமாக அதில் வேறொருவர் கை பட்டதில்லை. உப்புக்காற்றில் எல்லாமே துருப்பிடிக்கும். தினமும் மத்தியானம் ஒவ்வொரு பிளக்கையும் கழற்றித் துடைப்பேன். பாட வருகிற துரைமார்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? முடி வளர்த்தால் பாட்டும் வளர்ந்துவிடும் என்று நினைப்பு. கேட்க வருகிறவர்கள் அதைவிட மோசம். கடல் பார்க்க வந்து, தூறல் போட்டால் உள்ளே ஒதுங்கி, எதற்கென்று தெரியாமல் கைதட்டுவார்கள்.

அக்காவின் ஒரே மகனும் அந்த ரகம்தான். என் தோளில் தூங்கி வளர்ந்தவன். கிடார் வாங்கிக் கொடுத்ததே நான்தான். அந்தப் பாவம் என்னைச் சேரும். அலையில் கால் நனைத்துவிட்டு ஈரக்காலோடு மேடையேறுவான். அதற்கும் விசிலடிக்க ஒரு கூட்டம்.

போன மாதம் ஒத்திகையில் பாட்டை நிறுத்தினான்.

"மாமா, ஸ்பீக்கர் இரையுது."

"ஒண்ணும் இரையலயே."

"அய்யோ, தெருவுக்கே கேக்குது மாமா. நீங்க டமாரச் செவிடு ஆயிட்டீங்க."

டிரம்மர் சிரித்தான். டிக்கெட் கிழிக்கிற அம்மாளும் சிரித்தாள். சுருதிக்கும் சந்தைக்கடைக்கும் வித்தியாசம் தெரியாத கும்பல், என் காதைப் பற்றிச் சிரித்தது.

சாயங்காலம் அக்கா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோவிச்சுக்காத தம்பி. அடுத்த மாசத்துலேர்ந்து நீ டிக்கெட் வாசல்ல உக்காந்துக்கோ. மிக்ஸரை டிரம்மர் பாத்துக்கட்டும்." இதை மூன்று தடவை சொல்ல வைத்தேன். அவ்வளவு முணுமுணுப்பு.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை, சார். இரைச்சல் போக வேண்டும் என்றான், போக வைத்தேன். அவனுடைய கிடார் ஆம்ப்ளிஃபயரில் கரண்ட் கசிவது எனக்கு முன்பே தெரியும். எர்த் வயர்தான் அதை அடக்கி வைத்திருந்தது. அவன் சொன்ன இரைச்சலும் அந்த வயர் வழியாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வயரை நறுக்கினேன். கால் ஈரம், கை கிடார் கம்பியில், உதடு இரும்பு மைக்கில். என்ன ஆகும் என்று தெரியாமல் செய்ததாக எழுதிவிடாதீர்கள். அது என் தொழிலுக்கு அவமானம்.

மேடையேறியதும் காதைக் காட்டிச் சிரித்தான், கட்டைவிரலை உயர்த்தினான். இரைச்சல் போய்விட்டதாம். அப்புறம்தான் கிடாரை எடுத்தான்.

விழுந்தபோது "மாமா, மாமா" என்று கத்தினானாம். கடற்கரை வரைக்கும் கேட்டதாம். அக்கா சாதிக்கிறாள், நீங்களும் அதையே எழுதி வைத்திருக்கிறீர்கள். நான் பத்தடியில் நின்றேன், சார். மெயின் ஸ்விட்ச் என் கைக்கு எட்டும் தூரம். என் காதுக்குத் தப்பி ஒரு சத்தம் போகுமா? அவன் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டிருந்தால் அணைத்திருக்க மாட்டேனா?