ரெண்டாவது லாரி

இரும்மா, வண்டிய விக்கிற பேப்பர்ல கையெழுத்து அப்புறம் போடலாம். பழைய இரும்புக்காரர் பன்னெண்டு மணிக்குத்தான் வருவாரு. அந்த ஸ்டூல்ல உக்காரு, கிரீஸ் இல்ல, இப்பதான் துடைச்சேன்.

வண்டியப் பாக்க வேணாம். தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். என் தம்பியோட மூக்குக்கண்ணாடி, பாப்பாவோட குடை எல்லாம் இந்தப் பையில இருக்கு. பாப்பா இன்னும் அவ அப்பா போட்டோவக் குப்புறத்தான் வச்சிருக்காளா? ம்.

கொஞ்சம் மெக்கானிக் பேச்சு பேசணும், பொறுத்துக்கோ. இஞ்சினுக்குள்ள காத்து கூடுதலாப் போனா வண்டி கூடுதலா இழுக்கும். அப்படிக் காத்தத் தள்ளுற சாமான்தான் சூப்பர்சார்ஜர். அதுல ரெண்டு வகை. ஒண்ணு பெல்ட்டுல சுத்துறது. இஞ்சின் சக்தியிலயே பங்கு கேக்கும், பெட்ரோலக் குடிக்கும், காது கிழியக் கத்தும், மாட்டி முடிக்கிறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிரும். ஆனா இஞ்சின் ஓடுற வரைக்கும் கைவிடாது. இன்னொண்ணு கரண்டுல சுத்துறது. பெல்ட்டு கிடையாது, சத்தம் கிடையாது, அரை நாள் வேலை. ஆக்சிலேட்டர்ல கால வச்ச உடனே தூக்கிட்டுப் போகும்.

எது நல்லதுன்னா கேக்கிற? அவனும் இதே ஸ்டூல்ல உக்காந்து அதையேதான் கேட்டான். வேலைய மலைமேல மாத்திட்டாங்க, தினம் லாரி பின்னாடியே ஊர முடியல, பெல்ட்டு மாட்டிக் குடுண்ணேன்னான். எந்தக் காலத்துலடா இருக்கன்னு நான்தான் கிண்டல் பண்ணி, கரண்டுல சுத்துறதுக்கு அவன் மனச மாத்தினேன். உண்மையச் சொன்னா, எனக்கு முதுகு வலி. பெல்ட்டுன்னா நாலு நாள் குனியணும்.

மாட்டிட்டு நானே ஓட்டிப் பாத்தேன். மேட்டுல ஒரு மிதி, பிச்சிக்கிட்டுப் போச்சு. சாவியக் குடுத்துட்டேன். ரெண்டாவது தடவ மிதிச்சுப் பாக்கல.

அதான் விஷயம். அதுக்குத் தனியா ஒரு பேட்டரி இருக்கும்மா. சில செகண்டு தள்ளும், அப்புறம் காலி. திரும்ப சார்ஜ் ஏற ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள மிதிச்சா வெறும் பழைய வண்டிதான். ஏறிடுச்சான்னு தெரியறதுக்கு ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சின்ன பச்சை லைட்டு மாட்டணும். ஒயர் ஒரு சாண் பத்தல. ஞாயித்துக்கிழமை வாடா, பாத்துக்கலாம்னேன். லைட்டு எதுக்குன்னு அவன் கேக்கல. நானும் சொல்லல.

வியாழக்கிழமையே போயிட்டான்.

ஆமா, ரெண்டு லாரி. ஒண்ணத் தாண்டின ஜோர்ல அடுத்ததையும் தாண்டப் போனான்னு போலீஸ் எழுதிட்டாங்க. பானெட்டத் திறந்தே பாக்கல. ஜோர் எல்லாம் இல்லம்மா. முதல் லாரிக்கு வண்டி குடுத்தத ரெண்டாவதுக்கும் குடுக்கும்னு நம்பினான். அவ்வளவுதான். எதிர்ல பஸ்ஸு வந்த தூரத்த நான் போய் அடி வச்சு அளந்தேன். இடம் இருந்துச்சு. அந்தத் தள்ளு மட்டும் வந்திருந்தா, சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பான்.

எழுந்திரிக்காத, இன்னும் முடியல. அவன எடுத்துட்டுப் போன அன்னிக்கு உங்கப்பா, எப்பவும் வேகமாத்தான் போவான்னு சொன்னாரே, அப்ப எல்லாரோடயும் சேந்து நானும் தலையாட்டினேன். வண்டிய வித்துரும்மான்னு உன்ன அவசரப்படுத்தினதும் நான்தான். நசுக்கிட்டா யாருக்கும் தெரியாது பாரு.

இந்தா, அந்த லைட்டு. மூணு மாசமா சட்டைப் பையிலயே கிடக்கு. இத யாருகிட்டக் காட்டணுமோ காட்டு. கையெழுத்துப் போடுறதும் போடாததும் உன் இஷ்டம். நான் எங்கயும் ஓட மாட்டேன்.

இத்தன நாள் விட்டுட்டு இப்ப ஏன் சொல்றேன்னா கேக்கிற? போன வாரம் பாப்பா தனியா வந்து கேட்டா. பெரியப்பா, அப்பா தப்பா ஓட்டினாரான்னு. ஆமாடா கண்ணுன்னு சொல்லிட்டேன். அவ வீட்டுக்குப் போய்தான் அந்த போட்டோவக் கவுத்து வச்சிருக்கா.