கூடைக்குக் காவல்

பஸ்ஸில் அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் புயல் ஓய்ந்த அந்த வாரம், மகாபலிபுரத்தில் செங்கல்பட்டு பஸ் கிளம்பியதும் முன் சீட்டு மீனவப் பெண் இப்படிக் கேட்டால் யார்தான் காதைப் பொத்திக்கொள்வார்கள்?

“உங்க சாமி தூங்கவே தூங்காதாமே, நெசமாவா?”

பக்கத்தில் வெள்ளைப் புடவை கட்டி, மடியில் வேதப் புத்தகம் வைத்திருந்த அம்மாள் சிரித்தார்.

“ஆமாம்மா. காக்கிறவர்னே அவருக்குப் பேர். கண் அசந்தா எப்படிக் காக்கிறது?”

“எங்க வூட்டுக்காரரு கட்டுமரத்தக் காணோம்னதுலேர்ந்து நானுந்தான் கண்ண மூடல. கரையிலயே குந்திகினு இருந்தேன். இன்னா பிரயோஜனம்? அலைய நிறுத்த முடிஞ்சுதா என்னால?”

“ஐயோ! அப்புறம்?”

“சதுரங்கப்பட்டணத்துல உசுரோட கரையேறிட்டாரு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கீறாராம். இட்டுகினு வரப் போறேன். கூடையில அவரு வேட்டியும் கஞ்சியும் கீது.” கையெடுத்துக் கும்பிட்டாள். “என் கண்ணுக்கு எட்டாத எடத்துல யாரோ பாத்துகினு இருந்துகிறாரு. அவரு நல்லா இருக்கணும்.”

“நீ கொஞ்சம் தூங்கும்மா.”

“கூடை?”

“நான் பார்த்துக்கறேன்.”

அந்த அம்மாளின் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

திருக்கழுக்குன்றத்தில் கண்டக்டர் வந்து, “நீங்க இங்கதானேம்மா எறங்கணும்?” என்றார்.

“மெதுவாப் பேசுப்பா. செங்கல்பட்டுக்கே வரேன்.” தோளை அசைக்காமல் அணாவை எடுத்து நீட்டினார்.

கண் திறக்காமலே அவள் கேட்டாள்: “கூடை கீதா?”

“இருக்கு. தூங்கு.”