மூணாவது கிளட்ச் பிளேட்

ராத்திரி பதினொண்ணே கால். கடம்பூருக்குக் கெழக்க, கரிசக்காட்டுக்குள்ள ஒரு மண்ரோடு. ஐப்பசி மழை. மனுச நடமாட்டமே கெடையாது... ஏலே இசக்கிபாண்டி, கிட்ட வந்து உக்காரு. அந்த செல்போன் லைட்ட அணைச்சிரு, கதை ஓடிராது.

இது என் சேக்காளி கண்ணபிரானோட அத்தானுக்கு நடந்தது. அவிய பேரு ஜெயபாண்டி. ஊரு பேரு வேண்டாம். சொன்னா நாளைக்கே பஸ் ஏறிப் போயி அங்கன நிப்பிய.

கரிசல் மண்ணு தெரியும்லா. வெயில்ல பாறை, மழையில களி. ரெண்டு தூத்தல் விழுந்துட்டா, செருப்பு ஒண்ணொண்ணும் ரெண்டு கிலோ ஆயிரும். அதான் மழைக்காலத்துல எங்க பக்கம் செருப்பக் கழத்திப் போட்டுட்டு வெறுங்காலோடதான் வண்டி ஓட்டுவாவ. டிராக்டரே பொதையுத எடத்துல இருந்து உளுந்து மூட்டைய வெளிய கொண்டாரணும்னு ஜெயபாண்டி ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப்பு வாங்குனாரு. கயத்தாத்துல ஒரு புரோக்கர்ட்ட. ஏதோ ஒரு மழையில ஓடைக்குள்ள கெடந்து, கயிறு கட்டித் தூக்குன வண்டின்னான் அவன். "அத ஓட்டுனவரு என்ன ஆனாரு?"ன்னு இவரு கேட்டாரு. புரோக்கர் டீ குடிக்கப் போயிட்டான். இவரும் மேக்கொண்டு கேக்கல. வண்டி ஆசை அப்படி.

எட்டு மாசம். மூணு கிளட்ச் பிளேட்டு.

கோவில்பட்டியில கடற்கரைன்னு ஒரு மெக்கானிக். கையும் நல்ல கை, வாயும் நல்ல வாய். மூணாவது தடவை கழத்துன பிளேட்ட வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனாரு. ரிவெட்டு தெரியுத வரைக்கும் தேஞ்சு, கருகி...

"அண்ணாச்சி, இது தானாத் தேயல. நீங்க தேச்சிருக்கிய. கிளட்ச் மேல காலைத் தூங்கப் போட்டுக்கிட்டு ஓட்டுதிய."

"சத்தியமா இல்ல."

"அப்பம் சகதியில அரை கிளட்ச்ல வச்சு உறும விடுதிய."

"இல்லங்கேன்லா."

கடற்கரை நம்பல. சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லிக் குடுத்தாரு. "கியர் மாத்தணுமா, முழுசா மிதிங்க, முழுசா விடுங்க. உடனே காலைத் தரையில வச்சிருங்க. சகதியோ தண்ணியோ, எறங்குததுக்கு முந்தியே கியர் பக்கத்துல இருக்க சின்ன லீவரப் போட்டு லோவுக்குக் கொண்டாந்துருங்க, வண்டி மெதுவா, பலமா இழுக்கும். அப்புறம் அக்கரை ஏறுத வரைக்கும் கிளட்சத் தொடப்பிடாது. நடுத்தண்ணியில மிதிச்சியன்னா வண்டி நின்னு போவும். நின்னுட்டா தண்ணி உள்ள ஏறிரும்."

ஜெயபாண்டி ரோசக்காரரு. அன்னைக்கு வீட்டுக்குப் போகும்போது எடது காலை மடக்கி சீட்டு மேலயே வச்சுக்கிட்டாரு. கியர் மாத்த மட்டும் எறக்குவாரு. பக்கத்துல இருந்த அவரு பொண்டாட்டி பொன்மணி சிரிச்சுட்டா. "பூசைக்கு உக்காந்திருக்க மாதிரில்லா இருக்கு."

நாலு மைலு போயிருக்காது... வாடை. கிளட்ச் கருகுனா ஒரு வாடை வரும் பாருங்க, முடி தீயுத மாதிரி. அந்த வாடை. ஜெயபாண்டி குனிஞ்சு பாத்தாரு. கிளட்ச் பெடல் அரை இஞ்சு எறங்கி இருக்கு. பாத்துக்கிட்டே இருக்காரு... மெதுவா... மேல வந்துச்சு.

பொன்மணிட்ட சொல்லல. ஸ்பிரிங் கோளாறா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டாரு. நாமளும் அப்படித்தான் தேத்துவோம்.

இப்பம் அந்த ஐப்பசி ராத்திரிக்கு வாரேன். ஆட்டுக் கொட்டாய், அந்தத் தொழு ஒழுகுதுன்னு ஆட்டை மாத்திக் கட்டப் போன பொன்மணிய கட்டுவிரியன் கடிச்சுட்டு. ஆம்புலன்சுக்குப் போன் போட்டா, ஊருக்கு வார வழியில குறுக்க ஓடுத ஓடைக்கு அக்கரை வரைக்கும்தான் வர முடியும்னுட்டாவ. ஓடையில தண்ணி முழங்காலுக்கு மேல போவுது. இவளுக்குக் கண்ணு செருகுது, நாக்கு கொழறுது. அந்த ஜீப்ப விட்டா அவ உசுருக்கு வேற வழியில்ல.

ஓடைக்கரை. பதினொண்ணே கால். சின்ன லீவரப் போட்டாரு. லோ. ஃபஸ்ட் கியர். கிளட்ச முழுசா விட்டு, வெறுங்காலை மடக்கி சீட்டுல வச்சுக்கிட்டாரு. எறங்கிட்டாரு.

ஊருது வண்டி. தண்ணி கதவைத் தட்டுது... தொப்பு... தொப்பு. அக்கரையில ஆம்புலன்ஸ் லைட்டு சுத்துது. டயரு நல்லாத்தான் புடிச்சுக்கிட்டு வருது. நடு ஓடை.

எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுது. வண்டி ஓஞ்சு போவுது.

வாடை...

பெடல் எறங்கிட்டு. இப்பம் அரை இஞ்சு இல்ல, பாதி. அதத் தூக்கி விடணும்னு ஜெயபாண்டி வெறுங்காலை எறக்கி நீட்டுனாரு. ரப்பர் தட்டுப்படல. வெரலு. அஞ்சு வெரலு. நகம் வளந்து, சகதி அப்பி, சில்லுன்னு... இவரு காலுக்குக் கீழ ஒரு காலு.

பொன்மணி தலை அவரு தோள்ல சரிஞ்சு கெடக்கு. மூச்சு விட்டு விட்டு வருது. பயத்தை முந்திக்கிட்டு அழுகை வந்துட்டு அவருக்கு. என்ன பேசுததுன்னு தெரியல. நம்ம பக்கத்து ஆளுக நாக்குல எப்பவும் நிக்குதது எதுவோ, அதுதான் வந்துச்சு.

"அண்ணாச்சி... காலை எடுங்க. இவ போயிட்டா எனக்கு நாதி கெடையாது. இந்தத் தண்ணிக்குள்ள கெடக்காதிய, அண்ணாச்சி. வீட்டுக்கு வாங்க. வந்து ஒரு வாய் சாப்புடுங்க."

வழியில பாக்குதவியகிட்ட எல்லாம் நாம சொல்லுததுதான். நெசமா வந்து நிப்பாவன்னு நெனச்சா சொல்லுதோம்?

காலு எடுபட்டுச்சு.

பெடல் டக்குன்னு மேல வந்து நின்னுச்சு. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, முக்கி, அக்கரை ஏறிட்டு.

பொன்மணி பொழச்சுட்டா. எட்டு நாளு கோவில்பட்டியில ஆஸ்பத்திரி, அப்புறம் வீடு. ஓடையில நடந்தது அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. மயங்கிக் கெடந்தவளுக்கு என்ன தெரியும். இவரும் மூச்சு விடல. ரெண்டு மாசம் கழிச்சு கடற்கரை கியர் பெட்டியை எறக்கிப் பாத்தா, பிளேட்டு வச்ச மாதிரியே இருக்கு. "இப்பதான் அண்ணாச்சி ஓட்டப் படிச்சிருக்கிய"ன்னாரு. ஜெயபாண்டிக்குச் சந்தோசம்னா சந்தோசம். போன பீடை போயிட்டுன்னு வீடு வந்து சேந்தாரு.

அன்னைக்கு ராத்திரி. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. சாப்புட உக்காந்தாரு. பொன்மணி சோறு போட்டா, கொழம்பு ஊத்துனா. ரெண்டு வாய் வச்சிருப்பாரு. கரண்டியக் கையில புடிச்சுக்கிட்டு அவ அப்படியே நிக்கா. இவரப் பாக்கல. இவரு தலைக்கு மேல பாக்கா. கோவமும் இல்ல, பயமும் இல்ல... சாதாரணமாக் கேட்டா.

"ஏங்க, நானும் ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து பாக்குதேன். கூட்டிட்டு வந்தவியள பின்னாலயே நிக்க வச்சுட்டு, தெனம் நீங்க மட்டும் சாப்புடுதிய."

ஜெயபாண்டி திரும்பல.

பொன்மணி இன்னொரு தட்டைக் கழுவி அவரு பக்கத்துல வச்சா. "உக்காரச் சொல்லுங்க. சொட்டச் சொட்ட நிக்காவ, நான் போயி துண்டு எடுத்துட்டு வாரேன்."