பூட்டிய ஆலையின் காலை ஷிப்ட்

லண்டனில் மிச்சம் என்ற ஊருக்குப் போகும் டிராமில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவர் வேல்ஸில் உருக்காலை வாசலில் கடை வைத்திருப்பவர். மற்றவர் அவர் கணவரின் அக்கா, லண்டன்காரி. "உங்கட தம்பி இப்ப ஆலைக்கு வேலைக்குப் போறார், மச்சாள்" என்று கடைக்காரர் சொன்னதும் நான் பாட்டை நிறுத்தினேன். இயர்போனைக் கழற்றவில்லை.

"அது மூடியாச்சு எல்லோ?"

"ஓம், உலை அணைஞ்சிட்டுது. ஆனா பழைய ஆக்கள் ஷிப்ட் நேரத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டியோட வருவினம். பூட்டின கேற்றடியில ஒரு கதையுமில்லாமல் நிண்டிட்டுப் போவினம். இவரும் கடையைப் பூட்டிப்போட்டுப் போய் நிக்கிறார்."

"தம்பி அதுக்குள்ள ஒருநாளும் வேலை செய்யேல்லையே! சம்பளம் குடுக்கினமோ?"

"பகிடி விடாதையுங்கோ. அங்க நிண்டா நிலம் அதிருதாம் எண்டுறார். உள்ளுக்க உலை எரியுதாம்."

"கடையை வித்துப்போட்டு ஆளை இஞ்ச கூட்டிக்கொண்டு வா. எங்கட மேல் அறை சும்மாதான் கிடக்கு."

"அதுக்குத்தான் போன கிழமை கேற்றடிக்குப் போய் அவரைக் கையில பிடிச்சு இழுத்தனான். இழுக்கேக்க என்ர காலுக்குக் கீழயும் அதிர்ந்தது."

டிராம் ஒரு தரிப்பிடத்தில் நின்று புறப்பட்டது.

"அப்ப அறை?"

"வேற ஆருக்கும் குடுங்கோ மச்சாள். நாளைக்குக் காலமை ஷிப்டுக்கு நான் அங்க நிக்கவேணும்."